அளந்த எண்ணெயும் நிறுத்த எண்ணெயும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தியின் கருத்து)

எள்ளின் நெய்தான் எண்ணெய். இதை முதலாண்டுத் தமிழ் வகுப்பில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். எள்ளுக்கு மட்டும் உரியதாக இருந்த பெயர் நாளடைவில் கடலைக்கும் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் பொதுவாகி, கடைசியில் மண்ணெண்ணெய் வரை வந்து நிற்கிறது. பெயர் பொதுவானது போல அளவும் பொதுவாகிவிட்டது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. லிட்டர் என்றாலும் கிலோ என்றாலும் ஒன்றுதான் என்ற நினைப்பு. கடைக்குப் போய், "அண்ணாச்சி, ஒரு கிலோ கடலெண்ணெய் குடுங்க" என்று கேட்கிறோம். அவரும் ஒரு லிட்டர் பாக்கெட்டை எடுத்துத் தருகிறார். கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் மனத்தில் உறுத்தல் இல்லை. இந்த நினைப்பு தவறானது. அந்தத் தவறு எங்கள் வீட்டில் ஒரு நல்ல மனிதரைத் திருடர் என்று பேச வைத்தது. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். ஆகவே இதை எழுதும் கடமையும் என்னுடையதே.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் உளுந்து, பாசி, பருத்தி, சோளம், மக்காச்சோளம் என்று அவரவர் வசதிக்கேற்ப விதைப்பார்கள். எங்களுக்கு ஓடைக் கரையில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் எள். எள் ஆண்டு தவறாமல் கைகொடுக்கும் பயிர் அன்று. பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் போயிற்று. விளைந்த ஆண்டில் விற்றது போக 25 கிலோவை வீட்டுக்கென்று எடுத்து வைத்து, காயவைத்துப் புடைத்து, செக்குக்குக் கொண்டு போவோம். பக்கத்து ஊரில் ஒரு செக்கு. முன்பு மாடு சுற்றியதாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மோட்டார்தான். உலக்கை மட்டும் இன்றும் வாகை மரம். எள்ளோடு கருப்பட்டியை உடைத்துப் போட்டு ஆட்டுவார் அந்தச் செக்குக்காரர். அந்த வாசனை துணியில் ஏறி வீடு வரை நம்மோடு வரும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. எள் ஆட்டி முடிந்ததும் செக்குக்காரர் தம் லிட்டர் பாத்திரத்தால் பத்து முறை அளந்து எங்கள் கேனில் ஊற்றினார். நோட்டில் "எண்ணெய் 10" என்று எழுதிக்கொண்டார். கூலி வாங்கினார். புண்ணாக்கை எங்கள் சாக்கிலேயே கட்டிக் கொடுத்தார். வரும் வழியில், சித்தி வீட்டுக்குப் பங்கு பிரிக்க வேண்டும் என்பதற்காக அம்மா ஒரு பலசரக்குக் கடையில் கேனைத் தராசில் வைக்கச் சொன்னாள். 9 கிலோ 610 கிராம். வெறும் கேன் 450 கிராம் என்பது எங்களுக்குத் தெரியும். நான் மனத்திலேயே கழித்து, "எண்ணெய் 9 கிலோ 160 கிராம்தாம்மா இருக்கு. 840 கிராம் குறையுது" என்றேன். கணக்கு வேகமாக வந்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அம்மா அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே செக்கடிக்குத் திரும்பிப் போனாள். அங்கே நாலு பேர் எள்ளும் கடலையும் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்தே, "என்ன அண்ணாச்சி, பத்துன்னு எழுதிட்டு ஒம்பதைக் குடுத்திருக்கீக?" என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "தாயி, நான் அளந்து குடுத்தேன். நிறுத்துக் குடுக்கல" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அது நழுவல் பேச்சாகப் பட்டது. அம்மா அதற்கு மேல் சொன்ன சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு அந்தச் செக்குப் பக்கம் நாங்கள் போகவில்லை. காத்திருந்த நாலு பேரில் இரண்டு பேரும் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம். ஒரு சிறு செக்குக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் நின்றுபோவது என்றால் என்ன என்பதை வியாபாரம் செய்கிறவர்கள் அறிவார்கள்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. நம் கல்லூரியில் ஆய்வக வகுப்பு. ஹேர் கருவியைக் கொண்டு ஒரு திரவத்தின் ஒப்படர்த்தியைக் காண வேண்டும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தலைகீழாகக் கவிழ்த்த யு வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு கால் தண்ணீரிலும் மற்றொரு கால் திரவத்திலும் நிற்கும். மேலே உள்ள ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றைச் சிறிது உறிஞ்சிவிட்டால் இரண்டும் குழாயில் ஏறும். கனமானது குறைவாக ஏறும். லேசானது உயர ஏறும். இரண்டு உயரங்களின் விகிதமே ஒப்படர்த்தி. எனக்குக் கொடுத்த திரவம் நல்லெண்ணெய். எண்ணெய் 50.0 சென்டிமீட்டர் ஏறி நின்றபோது தண்ணீர் 45.9 சென்டிமீட்டரில் நின்றது. வகுத்தேன். 0.918.

அந்த எண்ணை நோட்டில் எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதே உண்மை. அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் தோன்றியது. பத்து லிட்டரை 0.918-ஆல் பெருக்கினால் 9 கிலோ 180 கிராம். கடைத் தராசு காட்டியதோ 9 கிலோ 160. மிச்சம் இருந்த வேறுபாடு வெறும் இருபது கிராம். புதிதாக ஆட்டிய எண்ணெயின் நுரைக்கும், அளவைப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டதற்கும் அது சரியாகப் போகும். அந்த மனிதர் அளந்து ஊற்றியதில் ஒரு துளி குறையவில்லை.

அடர்த்தி என்றால் என்ன என்பதை நான் உயர்நிலைப் பள்ளியிலேயே படித்து மதிப்பெண் வாங்கியவள். இருந்தும் கடைத் தராசின் முன் நின்றபோது அது எங்கே போயிற்று? பாடம் பாடத்தோடு, வீடு வீட்டோடு என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது ரசம் வைக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மிதக்கிறது என்றால் அதே பாத்திரத்தில் தண்ணீரைவிட எடை குறைவாக இருக்கிறது என்று பொருள். அடுப்படியில் நாள்தோறும் கண்ணால் காணும் இந்த உண்மையைத் தராசடிக்கு எடுத்துச் செல்ல நமக்குத் தெரியவில்லை.

ஒரு லிட்டர் ஒரு கிலோ என்ற சமன்பாடு தண்ணீருக்காகப் பிறந்தது. 1795-இல் பிரெஞ்சு நாட்டார் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையைக் கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பால் அதைவிடச் சற்றுக் கனம். லிட்டருக்குச் சுமார் 1 கிலோ 30 கிராம். தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். எண்ணெய்கள் எதிர்ப்பக்கம். நம் பகுதியின் வெப்பநிலையில் கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். நல்லெண்ணெய் 915 முதல் 920 வரை. தேங்காய் எண்ணெயும் அதையொட்டியே. விளக்கெண்ணெய் மட்டும் தனி ரகம். அது 955, 960 கிராம் வரை போகும். கையில் ஊற்றும்போதே அதன் கெட்டி தெரியும் என்று சொல்லக்கூடாது. கெட்டியாக ஒழுகுவது வேறு, அடர்த்தி வேறு. நம் வகுப்பிலேயே பாதிப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறோம். கெட்டியாக ஒழுகும் விளக்கெண்ணெயும் தண்ணீரில் மிதக்கத்தான் செய்கிறது.

இனி விலைக்கு வருவோம். இதில்தான் நம் வீட்டுப் பணம் இருக்கிறது. ஒரு கடையில் கடலை எண்ணெய் கிலோ 300 ரூபாய், எதிர்க்கடையில் லிட்டர் 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேர் எதிர்க்கடைக்குத்தான் போவார்கள். இருபது ரூபாய் லாபம் என்பார்கள். லிட்டரில் இருப்பது 910 கிராம்தான். 280-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ ஏறத்தாழ 308 ரூபாய் ஆகிறது. லாபம் என்று எண்ணிப் போனவர் கிலோவுக்கு எட்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வருகிறார். மாதம் நாலு கிலோ என்று நினைத்துக்கொண்டு நாலு லிட்டர் வாங்கும் குடும்பத்துக்கு மாதம் 360 கிராம் குறைகிறது. ஆண்டுக்கு நாலு கிலோவுக்கு மேல். யாரும் ஏமாற்றவில்லை. பாக்கெட்டில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஆனாலும் குறைகிறது.

டின்னிலும் இப்படியே. விருதுநகர்ச் சந்தை நிலவரத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் 15 கிலோ டின் கணக்கில்தான் விலை போட்டிருக்கும். மொத்த வியாபாரம் எடையில்தான் நடக்கிறது. 15 கிலோ டின்னில் கடலை எண்ணெய் சுமார் பதினாறரை லிட்டர் இருக்கும். கடைகளில் 15 லிட்டர் டின்னும் விற்கிறார்கள். அதில் இருப்பது 13 கிலோ 650 கிராம். இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. கல்யாண வீட்டுக்குப் பத்து டின் வாங்குகிறவர் கிலோவா லிட்டரா என்று கேட்காமல் வாங்கினால் பதின்மூன்றரைக் கிலோ எண்ணெய் கண் முன்னே காணாமல் போகும். வியாபாரி தாம் வாங்கும்போது கிலோவில் வாங்குகிறார். நாம் ஏன் லிட்டரில் வாங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. லிட்டர் விலையோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் கிலோ விலை. 280-க்கு 28 கூட்டினால் 308. கிலோவை லிட்டராக்கவும் அதே வழி: பத்துக் கிலோ என்றால் ஏறக்குறைய பதினொரு லிட்டர். நல்லெண்ணெய்க்கு இம்மி குறையும். விளக்கெண்ணெய்க்கு இது பொருந்தாது. அதற்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். எங்கள் ஆச்சி இரண்டாம் வகுப்புகூடப் படித்தவள் இல்லை. ஆனால் இதை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

ஆச்சி இன்றைக்கும் 'ஆழாக்கு எண்ணெய்', 'அரைப்படி எண்ணெய்' என்றுதான் சொல்வாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி என்பது அவள் வாய்ப்பாடு. எடை என்றால் பலமும் வீசையும்; நாற்பது பலம் ஒரு வீசை. படியை வீசையாக மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை. ஏனென்றால் அவள் காலத்தில் இரண்டும் வேறு வேறு என்பது பெயரிலேயே தெரிந்தது. தொல்காப்பியரும் அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் பிரித்தே பேசுகிறார். 'அளந்து கொடுத்தேன், நிறுத்துக் கொடுக்கவில்லை' என்று செக்குக்காரர் சொன்னது நழுவல் பேச்சு அன்று, பச்சைத் தமிழ். பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் மாணவிக்கு அது புரியவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்த செய்திகள் நிறைய உண்டு. 96 ஆடுகளைக் கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அட்ட வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வெறும் மரக்கால் என்று விடாமல், 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் என்று பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். எந்த அளவால் அளப்பது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் நாளை வழக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் செக்கடி நோட்டில் "எண்ணெய் 10" என்று மட்டும் இருந்தது. பத்து என்ன என்று எழுதவில்லை. செக்குக்காரர் மீது நான் சொல்லக்கூடிய ஒரே குறை அதுதான்.

எடை, பருமன் இரண்டையும் எழுதிவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. நம் ஊர் வெயில் நடுவே வந்து நிற்கிறது. எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் பருமனில் ஆயிரத்தில் ஏழில் ஒரு பங்கு என்று தவறாகச் சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. சரியான கணக்கு, பத்தாயிரத்தில் சுமார் ஏழு பங்கு. சிறிய எண்தான். ஆனால் மார்கழி விடியலில் 22 டிகிரி, சித்திரைப் பகலில் 40 டிகிரி என்றால் பதினெட்டு டிகிரி வேறுபாடு. 15 கிலோ டின்னில் அது சுமார் 200 மில்லி. எடை மாறாது, பருமன் மட்டும் பெருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சூடேறிய எண்ணெயை லிட்டரில் வாங்குகிறவருக்கு, மார்கழியில் வாங்கியவரைவிட லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைவு. தேங்காய் எண்ணெய் இதற்கு நேர் எதிரான வேடிக்கை காட்டும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், உறையும்போது சுருங்கும். மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கப் பாட்டிலை எடுத்தால் மட்டம் இறங்கியிருக்கும். விடுதியில் இதை வைத்து, 'என் எண்ணெயை யார் எடுத்தது' என்று நடந்த சண்டை ஒன்றை நான் அறிவேன். வெயில் வந்ததும் எண்ணெய் திரும்பி வந்துவிட்டது. பேச்சு வார்த்தை திரும்பப் பத்து நாள் ஆயிற்று.

இந்தச் சூட்டுக் கணக்கைப் பெரிய கம்பெனிகள் நம்மைவிட நன்றாகப் படித்திருந்தன. பாக்கெட்டில் இத்தனை லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் ஒரு வெப்பநிலையையும் போடும் வழக்கம் இருந்தது. அதில் சிலர் 60 டிகிரி வரை போட்டிருந்தார்கள். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்றால், நம் கைக்கு வரும்போது அது ஒரு லிட்டருக்குக் குறைவு. 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை இதைச் சுட்டிக்காட்டி, வெப்பநிலை போடாமல் பருமனையும், கூடவே எடையையும் அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2023 ஜனவரி 15-க்குள் திருத்திக்கொள்ளக் கெடுவும் கொடுத்தது. அந்த அறிவிப்பிலேயே ஒரு கணக்கு இருந்தது: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். நம் ஆய்வகப் பாடத்தை அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்தது போல இருந்தது எனக்கு. ஆகவே இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் லிட்டரோடு கிராமும் இருக்கும். திருப்பிப் பார்க்கிறோமா என்பது வேறு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எண்ணெய் இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அதே 2022-இல் விலக்கப்பட்டது. அதன் பிறகு 800 கிராம், 850 கிராம் என்று பாக்கெட்டுகள் வரத் தொடங்கின. பார்வைக்கு எல்லாம் ஒரு லிட்டர்ப் பாக்கெட் போலவே இருக்கும்.

செக்கடிக்கும் சிறு கடைக்கும் இந்த அச்சு எட்டவில்லை. சொந்தப் பாத்திரம் கொண்டுபோய் வாங்குகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு அளவைப் பாத்திரமும் வாய்ச்சொல்லும்தான்.

இதனால் என் கருத்து: எண்ணெயை நிறுத்தே விற்க வேண்டும், விலைப் பலகையில் கிலோ விலையே முதலில் நிற்க வேண்டும், லிட்டர் கணக்கை யாரேனும் விரும்பினால் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். செக்கில் எள் எடையில் போகிறது, புண்ணாக்கு எடையில் வருகிறது. நடுவில் எண்ணெய் மட்டும் ஏன் லிட்டரில் வர வேண்டும்? மூன்றும் எடையில் இருந்தால்தான் போட்டதற்கு எவ்வளவு வந்தது என்று ஒரு விவசாயி கணக்குப் பார்க்க முடியும்.

இதை நான் நம் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒரு மறுப்புச் சொன்னார். "லிட்டர்ப் பாத்திரம் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு வரை நிறைகிறதா என்று படிக்காத அம்மாவும் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் தராசுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?" என்றார். நியாயமான கேள்வி. அடியில் நசுங்கிய பாத்திரத்தையும், நுரை பொங்க ஊற்றி நிறைத்துக் காட்டும் கையையும் நான் பார்த்திருக்கிறேன் என்றாலும், தராசை ஏழை எளியவர் நம்புவது கடினம் என்பதை மறுக்க மாட்டேன். தராசு பூச்சியத்தில் நிற்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று கேட்கும் துணிவு நம் வீட்டுப் பெண்களுக்கு வர நாளாகும். ஆனால் பாத்திரம் நேர்மையாக இருந்தும், ஊற்றியவர் நேர்மையாக இருந்தும், எங்கள் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டதே! கண்ணால் பார்த்து வாங்கிய பத்து லிட்டரைத்தான் அவள் சந்தேகப்பட்டாள். ஆகவே பாத்திரத்தின் வெளிச்சம் மட்டும் போதாது.

நம் கல்லூரியால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இயற்பியல் துறையில் ஹேர் கருவியும் ஒப்படர்த்திக் குப்பியும் இருக்கின்றன. கோவில்பட்டி வட்டாரச் செக்குகளிலிருந்து எண்ணெய் வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று நம் மாணவர்களே கண்டறிந்து, ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, செக்கடிகளிலும் உழவர் சந்தையிலும் தொங்கவிடலாம். தமிழ்த் துறை நண்பர்கள் எழுதித் தந்தால் எழுத்துப் பிழை இல்லாமலும் இருக்கும். வணிகவியல் துறையினர் விலைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அந்த 0.918-க்கு அப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும்.

அந்தச் செக்குக்காரரிடம் நான் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். ஆய்வக நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "அம்மா சொல்லி விட்டாளா, நீயா வந்தியா?" என்று கேட்டார். "நானாத்தான் வந்தேன் மாமா. அன்னைக்குக் கழிச்சுச் சொன்னது நான்தான்" என்றேன். சிறிது நேரம் உலக்கை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உக்காரு தாயி" என்று ஒரு சாக்கை விரித்துப் போட்டார். புதிதாக ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார். வேறொன்றும் பேசவில்லை. சுவரைப் பார்த்தேன். அளவைப் பாத்திரம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் கணக்கைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. லிட்டர்ப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி நிறுத்துக் காட்டி, அதே பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி நிறுத்துக் காட்டினேன். இரண்டு முறை செய்யச் சொன்னாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். இந்தத் தையில் எள் வந்தால் அங்கேயே ஆட்டலாம் என்று சொல்லியிருக்கிறாள். தானும் வருவதாகச் சொல்கிறாள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருக்கிறது. ஓடைக் கரையில் எள் இப்போது பூவில் நிற்கிறது.